பள்ளி மணி கட்டவர்

எங்கள் நாவலில் கொலை கிடையாது. அதை முதல் நாளே முடிவு செய்தவர் என் வீட்டுக்காரர். கறிக்கடையில் கோழி அறுக்கும்போது வேறு பக்கம் திரும்பி நின்று பையை மட்டும் நீட்டுகிற மனுசர் அவர். ரத்தம் வந்தால் நீயே எழுதிக்கொள், என்னை இழுக்காதே என்று சொல்லிவிட்டார். அதனால் திருட்டு என்று முடிவாயிற்று. திருட்டென்றால் எல்லோரும் கடைசிப் பக்கம் வரை உயிரோடு இருப்பார்கள். சிரிக்கவும் இடமிருக்கும்.

பழனிசெட்டிபட்டியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் சோறு போடுவது டைப்பிங்தான். கல்யாணப் பத்திரிகை, மனு, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. வாத்தியார் சொல்லித் தந்த தமிழைவிடக் கீபோர்டு சொல்லித் தந்த தமிழ்தான் எனக்கு அதிகம். கடைக்கு வருகிறவர்கள் போகிற போக்கில் சொல்லும் பேச்சைக் குறித்துவைக்க மேஜைக்கு அடியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்த ஒரு அம்மா, கறுப்பாக விழுந்த தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கும் நம்மளப் பிடிக்கலயாக்கும்" என்றாக. அதுதான் அந்த நோட்டின் முதல் வரி.

என் வீட்டுக்காரர் தேனி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி, கட்டப்பனைப் பக்கம் போகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மலையாளம் அவருக்கு முட்டைக்கோசோடு சேர்ந்து வந்தது. பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வரும். தனக்கு வரும் என்று காட்டிக்கொள்ள ரொம்ப நன்றாக வரும்.

இந்த நாவல் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு பழைய நோட்டின் வழியாக. ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பேர் வேண்டாம். அந்த ஊர்க் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, திருவிழா மலர் போட வேண்டும் என்று ஒரு கணக்கு டீச்சர் கடைக்கு வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். பேச்சு அளவாக இருக்கும், சிரிப்பு அதைவிட அளவாக இருக்கும். மலரில் சேர்க்க, சாமியார் வராத நாளில் ஜெபம் நடத்திக் கோயிலைக் கவனித்துக்கொண்ட அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் எழுதிவைத்த நோட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். எந்தத் திருவிழாவில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று உபதேசியார் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தார். தாள் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. மெஷினில் கவிழ்த்து நகல் எடுத்தால் பொடியாகிவிடும். அதனால் இரண்டு நாள் கடையில் வைத்து, பார்த்துப் பார்த்து டைப் அடித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த இரண்டாவது நாள்தான் என் வீட்டுக்காரர் கையில் டீக் கிளாசோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் அப்போதுதான் ஒரு வரிக்கு வந்திருந்தேன். 'பள்ளி மணி கட்டவர் கங்காணி வீட்டு மூத்தவர். இவரை ஊர் மறக்கலாகாது.' அவ்வளவுதான் வரி.

அவர் சிரித்த சிரிப்பில் டீ என் தோளில் தெறித்தது.

"ஏத்தா, என்னத்த அடிக்கிறம்னு தெரிஞ்சுதான் அடிக்கிறியா? மலையாளத்துல பள்ளின்னா சர்ச்சு. கட்டவன்னா களவாண்டவன். கோயில் மணியக் களவாண்ட ஆள ஊரு மறக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காரு உன் உபதேசியாரு."

எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் சொன்னது சரிதான். மலையாளத்தில் கட்டியவன் என்பதற்குக் கெட்டியவன் என்பார்கள். கட்டவன் என்றால் திருடியவன். நம் தமிழிலோ கட்டியவர் என்றுதான் எழுதுவோம், கட்டவர் என்று யார் எழுதுகிறார்கள்? உபதேசியார் மலைக்கு அந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்றேன். அதான் கட்டவர்னு எழுதியிருக்காரே என்றார். கட்டவர் என்றால் களவு, ஏனென்றால் எழுதியவர் மலையாளி. எழுதியவர் மலையாளி, ஏனென்றால் கட்டவர் என்று எழுதியிருக்கிறார். மாட்டின் வாலை மாட்டின் வாயிலேயே கொடுத்து வட்டம் போட்டிருக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. எனக்குக் கதை கிடைத்துவிட்டது. கதை கிடைத்தவளுக்கு மற்றது எதுவும் காதில் விழாது.

ஒரு வருசம் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு, அவருக்கும் லோடு கிடையாது. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். நான் அடித்ததை வாசிக்கும்போது, இது நான் சொன்னதே இல்லை என்பார். வெள்ளைக்காரன் காலத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. ஏல மூட்டை இறக்கும் மாட்டுவண்டிக்காரன் ஒருவன், ஆப்பக்கடை போட்டிருக்கும் அவன் பொண்டாட்டி. இரண்டு பேரும் சேர்ந்துதான் துப்புத் துலக்குவார்கள். அவனுக்குக் கண் கூர்மை, அவளுக்குக் காது. ரெண்டு ஆப்பம் தின்கிற ஆள் ஒருநாள் அஞ்சு தின்றால், ஒன்று கைக்கு ஏதோ வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனசுக்கு ஏதோ வந்திருக்க வேண்டும் என்று அவள் கணக்குப் போடுவாள். அது எங்கள் தெரு இட்லிக்கடை அம்மா சொன்னது. என் நோட்டிலிருந்து எடுத்தேன். திருவிழாவுக்கு முந்தின நாள் கோயில் மணி காணாமல் போகும். பதினான்காவது அத்தியாயத்தில் கங்காணி வீட்டு மூத்தவர் பிடிபடுவார்.

கங்காணி வீடு என்ற பெயரை நாங்கள் மாற்றவில்லை. சொன்னால் வாய் நிறைகிறதே என்று விட்டுவிட்டோம். இது உண்மையாகவே ஒரு பழைய நோட்டில் இருந்த வரி, கட்டவர் என்றால் மலையாளத்தில் இன்னது என்று முன்னுரை வேறு எழுதி வைத்தோம். மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகத்தார் போடுவதாகச் சொன்னார்கள். மாசக் கடைசிக்குள் ஃபைலை அனுப்பச் சொன்னார்கள். ஒற்றுப்பிழை பார்க்க யாரிடம் கொடுக்கலாம் என்று யோசித்தபோது அந்த டீச்சர் ஞாபகம் வந்தது. பிரிண்ட் எடுத்துப் பெருமையாகக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார்கள். பிழை எல்லாம் பென்சிலில் திருத்தியிருந்தார்கள். பென்சிலில் வட்டம் போட்ட இடம் ஒன்றுதான். 'கங்காணி வீடு.'

"அது எங்க வீடு" என்றாக.

நான் உட்காருங்கள் என்று சொல்லக்கூட மறந்துபோனேன். அவர்களே உட்கார்ந்து, சண்டைபிடிக்காமல், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்கள். மேலத்தெருவில் இப்போதும் அதுதான் வீட்டுப் பேர். அந்த மூத்தவர் அவர்களுடைய அய்யாவுக்குத் தாத்தா. வருசா வருசம் கொடியேற்றத்தன்று முதல் மணி அவர்கள் வீட்டு ஆள்தான் அடிக்க வேண்டும் என்று முறை. ஏன் அந்த முறை வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது அவர்களுடைய அண்ணன்தான் அடிக்கிறார். அண்ணனும் எங்கள் நாவலைப் படித்துவிட்டார். களவுக்குப் பரிகாரமாக அடித்து வந்த மணி என்றால் நான் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இன்னும் பதினைந்து நாளில் கொடியேற்றம். ஒரு வருசம் விட்டால் முறை போய்விடும். ஏன் விட்டார்கள் என்று ஊர் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல எங்கள் புத்தகம் கடையில் இருக்கும்.

பேரை மாற்றிவிடுகிறேன் டீச்சர் என்றேன். அதைத் தவிர எனக்கு என்ன சொல்லத் தோன்றும்?

"பேர மாத்துனா புத்தகத்துல சரியாப் போகும். எங்க அண்ணன் மனசுல எப்படிச் சரியாகும்?" என்றாக. "பொய்யின்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. நெசம்னா தாராளமாப் போடுங்க, நான் தடுக்கல. ஆனா நெசமான்னு பாத்துட்டுப் போடுங்க. விடைய மட்டும் எழுதுனா எங்க பாடத்துல மார்க்கு கிடையாது. வழி வேணும்."

அவர்கள் போன பிறகு நானும் வீட்டுக்காரரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஒரு வருசமாகத் துப்பறிகிற புருசன் பொண்டாட்டியைப் பற்றி எழுதினவர்கள், ஒருநாளாவது அந்த ஊருக்குப் போய் ஒருத்தரிடமாவது ஒரு கேள்வி கேட்டிருப்போமா? நம்ம ஆப்பக்கடைக்காரி இருந்தால் காறித் துப்பியிருப்பாள் என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, வா ஃபைலைப் பார்ப்போம் என்றார்.

மலருக்காக நான் அடித்த ஃபைல் கம்ப்யூட்டரில் இருந்தது. தேடினோம். 'பந்தல் கட்டியவர்', 'தோரணம் கட்டியவர்', 'சப்பரத்துக்குப் பூ கட்டியவர்' என்று ஏழெட்டு இடத்தில் இருந்தது. எல்லா இடத்திலும் கட்டியவர். மணிக்கு மட்டும் கட்டவர்.

உபதேசியாருக்குக் கட்டியவர் என்று சரியாக எழுதத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர், ஒரே ஒரு இடத்தில் கட்டவர் என்று எழுதினால் அதற்கு வேறு அர்த்தம்தானே இருக்க வேண்டும்? உதவிக்குப் போய் டீச்சர் தலையில் இன்னும் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோம். வீட்டுக்காரர் ஜெயித்தவர்தான், ஆனால் முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை. இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஒரு கொத்தனார் கடைக்கு வந்தார். புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை. வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் என்று தன் பேரும் அடியில் வர வேண்டும் என்று அந்த வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி வந்திருந்தார். துண்டுத்தாளில் தானே எழுதிக் கொடுத்தார். நான் அடித்து பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அவர் தன் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் வைத்துப் படித்தார்.

"நான் எழுதுனது கட்டுனவரு. நீங்க அடிச்சிருக்கது கட்டியவர்" என்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்லயே."

கேட்கவில்லைதான். நான் எப்போது கேட்டிருக்கிறேன்? யார் எதை எழுதிக் கொடுத்தாலும் கண் படிப்பது ஒன்று, விரல் அடிப்பது ஒன்று. தப்பென்று பட்டதை விரல் தன் பாட்டுக்குத் திருத்திவிட்டுப் போய்விடும். எனக்குத் தகவல்கூடச் சொல்லாது. இத்தனை வருச வேலையில் அதுதான் நான் பெருமைப்பட்ட விசயம். உபதேசியார் நோட்டை மட்டும் விட்டுவைத்திருக்குமா? பந்தல், தோரணம், பூ எல்லாவற்றையும் திருத்தியிருக்கும். மணிக்கு வரும்போதுதான் ஒருத்தர் தோளில் டீயைக் கொட்டிச் சிரித்து விரலை நிறுத்திவிட்டார்.

உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார். களவாணி யாரென்று தெரிஞ்சிருச்சு என்றேன். யாரு என்றார். என் கை என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சனிக்கிழமை லோடு எடுக்கவில்லை என்று மார்க்கெட்டில் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பிக்கப்பில் அந்த ஊருக்குப் போனோம். முன்சீட்டில் மூன்று பேர். நோட்டைப் பார்க்க வரச் சொல்லியிருந்த டீச்சர், தான் குடியிருக்கிற உத்தமபாளையத்தில் ஏறிக்கொண்டார்கள். வண்டி முழுக்க முந்தின நாள் முட்டைக்கோஸ் வாடை. டீச்சர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள், பிறகு மரியாதைக்காக இறக்கிவிட்டார்கள். நான் ஆதாரம் கையில் வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். வழியெல்லாம் திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டே போனோம். அந்த அமைதி தாங்காமல் வீட்டுக்காரர், மலையாளத்தில் திராட்சைக்கு முந்திரிங்ஙா என்பார்கள் என்று ஆரம்பித்தார். நான் அவர் தொடையில் கிள்ளினேன். இனிமேல் மலையாளம் வேண்டாம் என்று அர்த்தம்.

கோயிலைப் பார்த்துக்கொள்கிறவரைக் கோயில்பிள்ளை என்பார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையைத் திறந்துவிட்டு, பீரோவிலிருந்து அந்தத் துணி மூட்டையை எடுத்துத் தந்தார். நான் மேஜைமேல் வைத்துப் பிரித்தேன். நான் உறுதியாகத்தான் இருந்தேன். என் விரலைப் பற்றி எனக்குத் தெரியாதா?

முதல் பக்கத்திலேயே இருந்தது. 'பந்தல் கட்டவர்.' அடுத்து 'தோரணம் கட்டவர்'. 'சப்பரத்துக்குப் பூ கட்டவர்.' அப்புறம் 'பாடல் பாடவர்' என்றுகூட ஒரு இடத்தில் இருந்தது. அவருடைய எழுத்தே அப்படித்தான். நடுவில் வரும் 'இய' என்ற சத்தத்தை முழுங்கிவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். பாடியவர் பாடவர், கட்டியவர் கட்டவர். டீச்சர் என் தோளுக்கு மேலே குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். வீட்டுக்காரர் எனக்கு அந்தப் பக்கம் நின்று படித்தார்.

"ஊரு பூராத் தோரணத்தயா களவாண்டிருப்பாக?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். ஆனால் அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. சரி, கட்டவர் என்பது கட்டியவர்தான், ஒத்துக்கொள்கிறேன். பள்ளி என்று போட்டிருக்கிறாரே, அது சர்ச்சுதானே, கோபுரத்தில் மணியைக் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம் என்றார். கொஞ்சமாவது மலையாளம் மிச்சமிருக்கட்டும் என்று அவருக்கு.

கோயில்பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். உபதேசியார் இந்த ஊர் ஆள்தான், மலையாளக் கரைக்கு ஒருநாளும் போனதில்லை, அவர் பேரன் வீடு தெற்குத் தெருவில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்று சொன்னார். நான் நோட்டைப் புரட்டினேன். கோயிலைப் பற்றி வருகிற இடத்திலெல்லாம் கோயில் என்றுதான் இருந்தது. பள்ளி என்பது, 'பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்தனர்' என்று பிள்ளைகள் வருகிற இடத்தில் மட்டும்தான். பள்ளி என்றால் பள்ளிக்கூடம். பச்சைத் தமிழ். ஒரே வரி, மலைக்கு அந்தப் பக்கம் நின்று படித்தால் கோயில் மணியைத் திருடியவர், இந்தப் பக்கம் நின்று படித்தால் பள்ளிக்கூடத்து மணியைக் கட்டியவர். நாங்கள் மலைக்கு இந்தப் பக்கம் வீடு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று ஒரு வருசம் படித்திருக்கிறோம்.

வெளியே வந்தோம். கோபுரத்தில் மணி தெரிந்தது. அண்ணன் அடிக்கிற முதல் மணி அதுதானா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"அது இல்ல" என்றாக. "அது ரெண்டாவதுதான் அடிப்பாக. முதல் மணி அங்கன."

கை காட்டிய இடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து மைதானம். சொல்லிவிட்டு அவர்களே அப்படியே நின்றுவிட்டார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி. பிறகு எங்களை விட்டுவிட்டு வேகமாக நடந்தார்கள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

புளியமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கியது. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம். சங்கிலி கட்டிய இடத்தில் மரம் வளர்ந்து சங்கிலியை விழுங்கியிருந்தது. இனி அவிழ்க்க வேண்டுமென்றால் கிளையை வெட்டத்தான் வேண்டும். எத்தனை தலைமுறைப் பிள்ளைகளைக் கூப்பிட்டதோ, அடிபட்ட இடம் மட்டும் நடுவில் பளபளவென்று தேய்ந்து பள்ளமாகியிருந்தது. கட்டியது என்று அதைத்தான் சொல்ல முடியும். வெண்கல மணியைத் தொங்கவிடலாம். தண்டவாளத்தைக் கட்டத்தான் வேண்டும்.

டீச்சர் அதைக் கையால் தடவினார்கள். தான் ஒன்றாம் வகுப்பு படித்தது இந்தப் பள்ளியில்தான் என்றார்கள். கணக்குப் படித்து டீச்சர் ஆனதற்கு முதல் மணி இதுதான் அடித்தது, இதைக் கட்டியது எங்கள் வீட்டு ஆள் என்று இத்தனை நாள் தெரியாமலே போயிற்றே என்று மெதுவாகச் சொன்னார்கள். வேரில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கம்பியை எடுத்து ஒரே ஒரு அடி அடித்தார்கள். சனிக்கிழமை மணி கேட்டு, தெருவில் போன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டுப் போனாக.

சத்தம் அடங்கியது. டீச்சர் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். வழி கிடைச்சிருச்சு, வந்து பாரு என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் அதற்குள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய அந்தக் குனிவு தெரியும். ஏதோ கேள்வி வந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். வாயைத் திறந்தேவிட்டார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று டீச்சருக்கும் தெரிந்துவிட்டது போல. கணக்கு டீச்சரல்லவா, அடுத்த படியைக் கேட்காமலே போடத் தெரியும்.

"தம்பி, மணி கட்டுனது எங்க வீட்டு ஆளு. அதுக்கு ஆதாரம் இருக்கு" என்றாக. அதுவரை நான் பார்த்திராத சிரிப்பு ஒன்று முகத்தில் விரிந்தது. "அந்தக் காலத்துல ஒரு கங்காணிக்குத் தண்டவாளம் எங்கன இருந்து கெடச்சிச்சுன்னு மட்டும் கேக்காதீக. அது உங்க நாவலுக்கு இருக்கட்டும்."

கொடியேற்றத்துக்குப் போயிருந்தோம். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து முதல் மணியை அடித்தார். வழக்கமாக மூன்று அடிதான் முறையாம். அன்றைக்கு ஐந்து அடித்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மதுரைக்காரரிடம் இன்னும் மூன்று மாசம் தவணை கேட்டிருக்கிறேன், தந்திருக்கிறார். நாவலில் இப்போது மணி காணாமல் போவதில்லை. காணாமல் போவது ஒரு துண்டுத் தண்டவாளம். அதைக் கண்டுபிடிக்கப் போகிற வண்டிக்காரனும் ஆப்பக்கடைக்காரியும் பதினான்காவது அத்தியாயத்தில் ஒரு புளியமரத்தடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, கீழே உட்கார்ந்து பாடம் படிக்கிற பிள்ளைகளையும் பார்த்து, ஒன்றையும் பார்க்காதவர்கள் மாதிரி வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வீட்டின் பேரை எடுத்துவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். கங்காணி வீடு என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.